மிக்-21 போன பிறகு அதன் ஆட்கள்

2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு நடந்த வழியனுப்பு விழாவைப் பல்லடத்தில் என் வீட்டுக் கூடத்தில், கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தாமே ஒரு மிக்-21ஐ ஓட்டிவந்து இறக்கினார். இறங்கித் திரும்பிய விமானங்களின் மீது தண்ணீரைப் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். பிறகு தளபதி, பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங்கின் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுத்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "அத்தனை பெரிய விழாவுல ஒரு நோட்டை எதுக்குங்க குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

அந்த நோட்டுதான் ஃபார்ம் 700. ஒவ்வொரு விமானத்துக்கும் அது தனித்தனியாக உண்டு. பறப்பதற்கு முன் என்ஜினைப் பார்க்கும் பிட்டர், விமானத்தின் உடலைப் பார்ப்பவர், மின்சாரம் பார்ப்பவர், ஆயுதம் பார்ப்பவர், ரேடியோ பார்ப்பவர் என்று ஒவ்வொருவரும் தம் பகுதியைச் சோதித்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாருடைய கையெழுத்தையும் பார்த்த பிறகு விமானி தம் கையெழுத்தைப் போட்டு விமானத்தைப் பொறுப்பேற்பார். திரும்பி வந்ததும் ஏதாவது கோளாறு இருந்தால் அதே நோட்டில் எழுதிவைப்பார். அதை நாங்கள் 'ஸ்நாக்' என்போம். அந்த ஸ்நாக் தீர்க்கப்பட்டு, தீர்த்தவர் கையெழுத்துப் போடும்வரை விமானம் நின்ற இடத்தை விட்டு நகராது. விழாவில் கைமாறியது இத்தனை கையெழுத்துகளும் அடங்கிய நோட்டு. 1990களில் இப்படிப்பட்ட நோட்டுகளில் ஆயிரக்கணக்கான முறை என் கையெழுத்தும் விழுந்திருக்கிறது.

நான் 1989இல் பிளஸ் டூ முடித்த கையோடு விமானப்படையில் சேர்ந்தேன். பெல்காமில் அடிப்படைப் பயிற்சி, தாம்பரத்தில் தொழிற்பயிற்சி, அதன்பின் மேற்கு எல்லையை ஒட்டிய ஒரு தளத்தில் மிக்-21 ஸ்குவாட்ரனில், அதாவது ஒரு விமானப்படைப் பிரிவில், என்ஜின் பிட்டர் வேலை. விழாவைப் பற்றி வந்த கட்டுரைகள் எல்லாம் விமானத்தையும் அதை ஓட்டியவர்களையும் பற்றியே பேசின. அது இயல்புதான். ஒரு விமானம் ஓய்வு பெறும்போது அதனோடு வேலை செய்த ஆட்கள் என்ன ஆகிறார்கள் என்பதை அந்த நிலையை ஒருமுறை கடந்தவன் என்ற முறையில் எழுதத் தோன்றியது.

விமானத்தின் கதை பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963இல் சண்டிகரில் 28ஆம் ஸ்குவாட்ரன் முதல் மிக்-21களைப் பெற்றது. அதன் முதல் தலைவராக இருந்த தில்பாக் சிங் பின்னாளில் விமானப்படைத் தளபதியானார். ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானம் இந்தியாவுக்கு அதுதான் முதல். பின்னர் நாசிக்கில் அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) உரிமம் பெற்று அதைக் கட்டத் தொடங்கியது. ஒடிசாவின் கோராபுட்டில் என்ஜின்கள் உருவாயின. மொத்தம் 870க்கும் மேற்பட்டவை படைக்கு வந்தன. 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையின் மீது ராக்கெட்டுகளை வீசியது இந்த விமானம்தான். அந்தத் தாக்குதலையடுத்து ஆளுநர் பதவி விலகினார். செய்தித்தாள்களுக்கு எல்லாமே ஒரே மிக்-21தான். எங்கள் பேச்சில் அவை டைப் 77, டைப் 96, டைப் 75, இரட்டை இருக்கை கொண்ட டைப் 69 என்று தனித்தனி ஆட்கள். ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு இருக்காது.

'பறக்கும் சவப்பெட்டி' என்ற பட்டப்பெயரைத் தவிர்த்துவிட்டு இதைப் பற்றி எழுத முடியாது. 2012இல் அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, மிக் வகை விமானங்கள் 872 வாங்கப்பட்டதில் 482 விபத்துகளில் சிக்கின. 171 விமானிகள் இறந்தனர். பொதுமக்கள் 39 பேரும் இறந்தனர். விமானத்தின் மீது மட்டும் பழியைப் போடுவதை நான் ஏற்பதில்லை. இளம் விமானிகள் மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேராக இந்த வேகமான விமானத்துக்கு வந்தார்கள். இடையில் ஓர் உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1982இலேயே, விமான விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டெய்ன் குழு பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட ஹாக் பயிற்சி விமானம் கர்நாடகத்தின் பீதர் தளத்துக்கு வந்தது 2008இல். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் அந்த இடைவெளியை நிரப்பியதும் மிக்-21தான், விலை கொடுத்ததும் அதன் விமானிகள்தான். ஓடுபாதையைத் தொடும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வரும் ஒன்றைப் பயிற்சிக்கான விமானமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

ஒரு விபத்து நடந்தவுடன் தரையில் முதலில் நடப்பது என்ன என்பது வெளியே அதிகம் தெரியாது. அந்த விமானத்தின் ஃபார்ம் 700ஐ எடுத்துப் பூட்டிவைத்துவிடுவார்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் அதில்தான் இருக்கின்றன. எனக்கும் ஒரு முறை அது நேர்ந்தது. மாலைச் சுற்றில் நான்கு விமானங்கள் போயின, மூன்று திரும்பின. விமானி குதித்து உயிர் பிழைத்துவிட்டார் என்ற செய்தி அரை மணி நேரத்தில் வந்தது. ஆனால் காரணம் தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அன்று காலை நான் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்: எண்ணெய் அளவு பார்த்தேனா, அந்த நட்டுக்கு லாக் வயர் முறுக்கியது நானா அல்லது பக்கத்து ஆளா, டார்ச்சை உள்ளே விட்டுவிட்டு வந்தேனா. கருவிப் பலகையில் எல்லாக் கருவிகளும் அதனதன் இடத்தில் இருந்தன. அதை நானே மூன்று முறை எண்ணினேன். இருந்தும் மெஸ்ஸில் சப்பாத்தி தொண்டைக்குள் இறங்கவில்லை. கடைசியில் என்ஜினுக்குள் பறவை புகுந்தது என்று முடிவாயிற்று. பிழைத்த விமானி, கழுத்தில் பட்டையோடு ஹேங்கருக்கு வந்து எங்கள் ஒவ்வொருவரிடமும் கை கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் தெரிந்திருந்தது, நாங்கள் அந்த நாட்களில் எப்படி இருந்திருப்போம் என்று.

அந்த வேலையின் நெருக்கம் எப்படிப்பட்டது என்று சொல்லாமல், அது போனால் என்ன போகிறது என்பதைச் சொல்ல முடியாது. மிக்-21இன் என்ஜினை மாற்ற வேண்டுமென்றால் விமானத்தை இரண்டாகக் கழற்ற வேண்டும். நடுவில் ஓர் இணைப்பு உண்டு. அதன் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, பின்பாதி உடலை ஒரு தள்ளுவண்டியின் மேல் ஏற்றிப் பின்னோக்கி மெல்ல இழுக்க வேண்டும். உறையிலிருந்து கத்தியை உருவுவது போல என்ஜின் வெளியே தெரியும். எட்டுப் பேர் நான்கு பக்கமும் நின்று, ஒருவன் 'நில்' என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். ஒரு விரல் அகலம் தவறினாலும் குழாய் ஏதாவது நசுங்கும். எந்தக் குழாய் எங்கே உரசும் என்பது வரைபடத்தில் இருக்காது. பக்கத்தில் நிற்கும் பழைய சார்ஜென்டின் கண்ணில்தான் இருக்கும். சக்கரத்தின் பிரேக் கூட அதில் காற்றழுத்தத்தில்தான் இயங்கும். அந்தக் காற்றைத் தரையிலேயே நிரப்பி அனுப்புவோம். நிரப்பியவன் கணக்கில் கோட்டைவிட்டால் ஓட்டுபவருக்குக் கடைசியில் பிரேக் இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை வேறொன்று. விமானம் திரும்பி வந்து என்ஜினை அணைத்ததும், கையில் ஸ்டாப்வாட்சோடு பின்பக்கம் நின்று, உள்ளே சுழலும் பாகம் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். காதால் கேட்க வேண்டும். ஊங்காரம் மெல்லத் தணிந்து, பிறகு சிறு கிளிக் கிளிக் ஓசையாகி, அதுவும் அடங்கும். நேரம் குறைந்தால் உள்ளே ஏதோ பிடிக்கிறது என்று பொருள். நேரம் சரியாக இருந்தும் நடுவில் மண் அரைபடுவது போல ஒரு சுரசுரப்பு கேட்டால் அதுவும் நல்லதல்ல. நான்கு ஆண்டுகள் ஆன பிறகுதான் எனக்கு அந்தச் சுரசுரப்பு பிடிபட்டது. அதன்பின் ஸ்டாப்வாட்சைப் பார்க்காமலேயே இன்னது என்று சொல்ல முடிந்தது. இந்தக் காதை எந்த விமானத்துக்கும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அது அந்த என்ஜினுக்கு மட்டுமே பழகிய காது.

2000களின் தொடக்கத்தில் எங்கள் ஸ்குவாட்ரன் 'நம்பர் பிளேட்' செய்யப்பட்டது. வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும். ஸ்குவாட்ரனைக் கலைத்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டார்கள். அதன் எண்ணும் சின்னமும் காகிதத்தில் உயிரோடு இருக்கும், என்றாவது புதிய விமானங்கள் வந்தால் அதே எண்ணில் மீண்டும் எழுப்பலாம் என்று. ஆனால் காகிதத்தில் இருக்கும் எண்ணுக்கு ஆட்கள் கிடையாது. ஒரு ஸ்குவாட்ரனில் 16 முதல் 18 விமானங்கள் இருக்கும். அவற்றைச் சுற்றிச் சில நூறு ஆட்கள் இருப்பார்கள். ஆறே வாரத்தில் எங்களில் யாரும் ஒரே இடத்தில் இல்லை. ஒருவன் ஜாம்நகருக்கு, ஒருவன் தேஜ்பூருக்கு, இன்னொருவன் அலுவலகக் கோப்பு வேலைக்கு. நான் ஏ.என்.-32 சரக்கு விமானத்துக்குப் போனேன்.

என்ஜின் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று வீட்டில் நினைத்தார்கள். போர் விமானத்தின் ஜெட் என்ஜினுக்கும், காற்றாடி சுழற்றும் டர்போப்ராப் என்ஜினுக்கும் உள்ள தூரம், சித்தாள் வேலைக்கும் தச்சு வேலைக்கும் உள்ள தூரம். முப்பத்திரண்டு வயதில் சார்ஜென்ட் பட்டையோடு, இருபது வயதுப் பையன்களுக்கு நடுவே முதல் பெஞ்சில் உட்கார்ந்து சில மாதம் பாடம் படித்தேன். தேர்வில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் என்னைவிடப் பதினோரு மதிப்பெண் கூடுதலாக வாங்கினான். அதைவிட வலித்தது வேறு. வேலைக்குத் திரும்பிய முதல் ஆறு மாதத்துக்கு என் கையெழுத்துக்கு மேல் இன்னொருவர் மேற்பார்வைக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த இன்னொருவர் எனக்கு நான்கு ஆண்டு இளையவர். அவர் நல்ல மனிதர். நான் செய்ததைச் சோதிக்கும்போது வேறு பக்கம் பார்ப்பது போல நடித்துக்கொண்டே சோதிப்பார்.

விமானிகளுக்கும் இதே இறக்கம் உண்டு, வேறு விதத்தில். மிக்-21 ஒற்றை இருக்கை, குறுகிய காக்பிட், முன்னால் சரியாகத் தெரியாத கண்ணாடி. குச்சியை அசைத்தால் விமானம் என்ன நினைக்கிறது என்பது கைக்கு நேராகத் தெரியும் என்று ஓட்டியவர்கள் சொல்வார்கள். இந்தியாவிலேயே உருவான புதிய போர் விமானம் தேஜஸில் கைக்கும் இறக்கைக்கும் நடுவில் கணினி உட்கார்ந்திருக்கிறது. குச்சியின் அசைவு கணினிக்கு ஒரு வேண்டுகோள் மட்டுமே. இறக்கையை எவ்வளவு திருப்புவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. இளம் ஃப்ளைட் லெஃப்டினன்டுகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. விங் கமாண்டர்கள் பலர் எப்படியும் மேசை வேலைக்குப் போகும் பருவத்தில் இருப்பவர்கள். நடுவில் இருக்கும் ஸ்குவாட்ரன் லீடர்களைத்தான் நினைக்கிறேன். நேற்று வரை நான்கு விமானங்களை வழிநடத்திக்கொண்டு போனவர் புதிய விமானத்தில் மீண்டும் பயிற்சி பெறுபவராக, தம்மைவிட இளையவரின் மதிப்பீட்டுக்குக் கீழே பறக்க வேண்டும். சிலர் பயிற்றுநர் ஆவதற்காகத் தாம்பரத்தில் உள்ள பயிற்றுநர் பள்ளிக்கு வருவார்கள். அது மரியாதையான வழி, ஆனால் போர்ப்படையிலிருந்து ஒரு படி விலகிய வழி.

தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த மிக்-21 விமானி அபிநந்தன் வர்த்தமான். 2019 பிப்ரவரி 27 அன்று அவர் ஓட்டிய, மேம்படுத்தப்பட்ட வகையான மிக்-21 பைசன் 51ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. அந்த ஸ்குவாட்ரன் 2022 செப்டம்பரிலேயே நம்பர் பிளேட் ஆகிவிட்டது. அவருடைய மீசையை வரைந்து சட்டையில் அச்சடித்தவர்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. கடைசியாக மிஞ்சியவை பிகானேரின் நால் தளத்தில் இருந்த 3ஆம், 23ஆம் ஸ்குவாட்ரன்கள் மட்டுமே. அவையும் போனபோது படையில் 29 போர் ஸ்குவாட்ரன்களே மிஞ்சின. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42.

இந்த 42க்கும் 29க்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாரும் விமானங்களின் குறைவாகத்தான் கணக்கிடுகிறார்கள். நான் அதை ஆட்களின் கணக்காகப் பார்க்கிறேன். பழைய விமானம் போகும் நாளில் புதியது வந்து நின்றிருந்தால், ஸ்குவாட்ரன் முழுவதும், மெஸ் சமையல்காரர் உட்பட, ஒன்றாகவே புதிய விமானத்துக்கு மாறும். யாருக்கு எந்த வேலையில் கை கூடும், எந்த இருவரை ஒன்றாக இரவுப் பணிக்குப் போடக் கூடாது என்பதெல்லாம் அப்படியே இருக்கும். விமானத்தைப் புதிதாகக் கற்றால் போதும். விமானம் தாமதமானால் ஆட்களைச் சும்மா வைத்திருக்க முடியாது, சிதறடித்துத்தான் ஆக வேண்டும். பிறகு விமானம் வரும்போது எண் இருக்கும், அந்த ஆட்கள் இருக்கமாட்டார்கள். எங்கள் ஊருக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 1999 ஆகஸ்டில் கட்ச் எல்லையில் பாகிஸ்தானின் 'அட்லாண்டிக்' என்ற கடற்கண்காணிப்பு விமானத்தை வீழ்த்திய மிக்-21, 45ஆம் ஸ்குவாட்ரனுடையது. அந்த ஸ்குவாட்ரனின் எண் பல ஆண்டுகள் காகிதத்தில் கிடந்து, 2016 ஜூலையில் பெங்களூரில் தேஜஸோடு மீண்டும் எழுந்து, 2018இல் சூலூருக்கு வந்தது. சின்னம் அதே சின்னம்தான். மிக்-21இன் பின்பாதியை இழுத்துக் கழற்றிய கைகளில் எத்தனை அந்த மறுபிறப்பு வரை படையில் இருந்திருக்கும்? இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த என்னைப் போன்றவர்கள் அதற்குள் வெளியேறிவிட்டோம்.

தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் 83க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆயிற்று. 2024 மார்ச்சில் வரத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் தர வேண்டிய 99 என்ஜின்களில் முதலாவதே 2025 மார்ச்சில்தான் வந்தது. மிக்-21 விழாவுக்கு முந்திய நாள், 2025 செப்டம்பர் 25 அன்று, மேலும் 97 விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபர் 17 அன்று நாசிக்கில், மிக்-21கள் கட்டப்பட்ட அதே ஊரில், அங்கே கட்டிய முதல் தேஜஸ் மார்க் 1ஏ பறந்தது. இவை நல்ல செய்திகள்தான். ஒரு பதினெட்டு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டிய நல்ல செய்திகள்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. 2022 இறுதியிலிருந்து அக்னிபத் திட்டத்தில் விமானப்படையில் சேர்ந்த அக்னிவீர்வாயு பையன்களுக்கு ஒப்பந்தம் நான்கே ஆண்டு. அதன்பின் நால்வரில் ஒருவருக்கே நிரந்தர இடம். அவர்களில் முதன்முதலாக மிக்-21 ஹேங்கரில் கை நனைத்த ஒருவன் இருந்தால், அவன் கற்ற தொழில் அவனுக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. நான் இருபது ஆண்டு முடித்து வெளியே வந்தபோதே சிவில் விமானப் பராமரிப்பில் நுழைய முடியவில்லை. அதற்குத் தனி உரிமம் வேண்டும், அந்தந்த விமானத்துக்கான தகுதிச் சான்று வேண்டும். போர் விமானத்தின் அனுபவம் அங்கே செல்லாத காசு. கடைசியில் ஒரு நூற்பாலையில் ஈரப்பதக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. விசிறியை நிறுத்தியதும் அது நிற்கும் வரை நின்று கேட்கும் பழக்கம் அங்கேயும் விடவில்லை. பேரிங் போகப் போகிறது என்று இரண்டு முறை முன்கூட்டியே சொன்னேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து, எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பி பிகானேரிலிருந்து பேசினான். கடைசி நாள் வரை அங்கே இருந்தவன். பதினான்கு ஆண்டு சர்வீஸ்.

"போஸ்டிங் வந்துருச்சுங்ணா. சுகோய்க்குப் போட்டிருக்காங்க."

"நல்லதுதானடா. அதுவும் ரஷ்யக்காரன் வண்டிதான். ஸ்பேனர் அளவு மாறாது."

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாங்ணா. பாப்பா பத்தாவது படிக்கறா. வருசத்து நடுவுல எங்க சேர்க்கறது? மார்ச் வரைக்கும் அவங்களை இங்க விட்டுட்டு, அப்புறம் ஊருக்கே அனுப்பிரலாம்னு இருக்கேன். சூலூர்ப் பக்கம் ஒரு வீடு பாருங்ணா. ஸ்கூல் பக்கத்துல இருந்தாப் போதும்."

போர் விமானம் ஓய்வு பெறுவது அவன் வீட்டில் கேந்திரிய வித்யாலயாவின் சேர்க்கைப் படிவமாக வந்து நின்றிருந்தது. அவன் மனைவிக்கு ராஜஸ்தானில் எட்டு ஆண்டு பழகிய அக்கம்பக்கம் இருக்கிறது. சுகோய் வகுப்பு எத்தனை மாதம், அதன்பின் எந்த ஊர் என்பது அவனுக்கே இன்னும் தெரியாது. அசாமாகவும் இருக்கலாம், தஞ்சாவூராகவும் இருக்கலாம்; இரண்டு இடத்திலும் சுகோய் இருக்கிறது. தஞ்சாவூராக அமைந்துவிட்டால் பெரிய அதிர்ஷ்டம் என்று சிரித்தான்.

அடுத்த ஞாயிறு நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். முதல் வீட்டில் தண்ணீர் வசதி சரியில்லை. இரண்டாவது வீடு, மாடியில் இரண்டு அறை, கிழக்குப் பார்த்த வாசல், பள்ளிக்கு நடந்தே போகலாம். வாடகையும் கட்டுப்படியாகும். வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். அப்போதுதான் தளத்திலிருந்து ஒரு தேஜஸ் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் அடங்கும்வரை நான் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தேன்.

"மத்தபடி வீட்டுல ஒரு குறையும் இல்லைங்க," என்றார் அந்த அம்மா சங்கடத்தோடு. "இந்தச் சத்தம் மட்டும் கொஞ்சம் இருக்கும். வர்றவங்களுக்குப் பரவாயில்லைங்களா?"